மொடமொடக்கும் ராஜசபை

முன்னொரு காலத்தில் கொற்றங்குடி என்ற நாட்டை உதயகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவன் பெரும்பாலும் உடுத்திக்கொண்டுதான் இருந்தான்.

அவன் சபையில் ஒரு வழக்கம். அரண்மனையில் முந்நூறு பேருக்குச் சோறு வடித்த கஞ்சி முழுவதும் சலவைத் துறைக்குப் போய்விடும். அந்தக் கஞ்சியில் முக்கிக் காயவைத்த துணியோடுதான் எவரும் சபைக்கு வரவேண்டும். நடந்தால் மொடமொடவென்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டால் தரித்திரம் பிடித்தவன் என்று பெயர்.

மந்திரி சிற்றம்பலர் மட்டும் பத்து வருஷமாக ஒரே மேல்துண்டைக் கஞ்சி போடாமல் துவளத் துவளப் போட்டுக்கொண்டு வந்தார். "நமது கருமி வந்துவிட்டார்" என்று ராஜா சிரிப்பான். உடனே சபையும் சிரிக்கும். வேலை தெரிந்த மனிதர் என்பதால் அவரை விட்டுவைத்திருந்தான்.

பிறகு மூன்று வருஷம் மழை இல்லை. ஏரி வறண்டு வெடித்தது. வியாபாரக் கப்பல்கள் வேறு நாட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. தறிகள் நின்றன, சந்தை கூடவில்லை. அப்போதுதான் ராஜாவுக்குச் சிக்கனத்தின் மேல் ஆசை பிறந்தது. "குடிகள் ஒரு வேளைதான் உண்ண வேண்டும்" என்று தண்டோரா போட்டான். அந்த ஒரு வேளைக்கே வழியில்லாதவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள்.

சபையின் மொடமொடப்பு மட்டும் குறையவில்லை. "அது நாட்டின் மானமல்லவா, மகாராஜா" என்றார் உடுப்பு அதிகாரி செண்பகராயர். மந்திரி பதவியின் மேல் ரொம்ப நாளாக அவருக்கு ஒரு கண்.

ஒருநாள் சபையோரின் துணியெல்லாம் துவண்டு வந்தது. துணி வெளுக்கும் சடைச்சியைக் கைகட்டி இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

"கஞ்சியை என்ன செய்தாய்?" என்றான் ராஜா.

"பிள்ளைகளுக்கு ஊத்தினேன் சாமி. துணியை வெறும் தண்ணியில அலசிக் கொடுத்துட்டேன்."

"அரண்மனைத் திருட்டு" என்றார் செண்பகராயர். "எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும்."

எல்லைக்கு அப்பால் ஒன்பது நாள் நடைக்குக் கருகிய காடு. அந்தப் பஞ்சத்தில் அதைத் தாண்டிப் பிழைத்தவர் ஒருவரும் இல்லை. பிள்ளைகளோடு போனால் என்ன ஆகும் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும்.

சிற்றம்பலர் எழுந்தார். "சிக்கனமாக இருக்கச் சொன்னது தாங்கள்தானே, மகாராஜா? வீணாகப் போகும் சாப்பாட்டை அவள் பிள்ளைகள் வயிற்றுக்குக் கொடுத்திருக்கிறாள்."

"துணிக்குப் போடுவதைச் சாப்பாடு என்கிறாரே, கேட்டீர்களா?" என்றார் செண்பகராயர். "இவர் துண்டும் துவண்டதுதான். அதனால் பரிந்து பேசுகிறார்."

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "மந்திரியாரே, எங்கள் உடம்பில் இருப்பது துணியல்ல, சாப்பாடுதான் என்று நாளைக் காலையில் நிரூபியும். ஆனால் பேசி நிரூபிக்கக் கூடாது, உமது வாயைப் பற்றி எனக்குத் தெரியும். முடியாவிட்டால் அவளோடு நீரும் நடையைக் கட்டலாம்."

செண்பகராயர் விடுவாரா? அன்றைக்கு வடித்த கஞ்சியில் தன் உடுப்புக்கு மட்டும் இரண்டு தடவை கஞ்சி ஏற்றச் சொன்னார். மறுநாள் அவர் சபைக்குள் நுழைந்தபோது காய்ந்த ஓலைக் கட்டு நடந்து வருவது போலிருந்தது.

சிற்றம்பலர் ஒரு பசுமாட்டோடு வந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி ஒரு மாடு.

"இது யார்?" என்றான் ராஜா.

"பேசாத சாட்சி. இதை எனக்கும் செண்பகராயருக்கும் நடுவில் அவிழ்த்துவிட அனுமதி வேண்டும்."

"தாராளமாக விடட்டும்" என்றார் செண்பகராயர், நிமிர்ந்து நின்று. குனிய அவரால் முடியவும் முடியாது.

மாடு சிற்றம்பலரின் துண்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேராகச் செண்பகராயரிடம் போய் அவர் அங்கவஸ்திரத்தைக் கவ்வியது. அவர் இழுக்க, அது இழுக்க, ஓடலாம் என்றால் விறைத்த வேட்டி காலை விடவில்லை. அடுத்தது தலைப்பாகை.

"யாராவது பிடியுங்கள். ஜரிகை போகிறது" என்று கத்தினார்.

"கவலைப்படாதீர்கள், ஜரிகையைத் துப்பிவிடுகிறது" என்றார் சிற்றம்பலர்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாடு தலைப்பாகையை முடித்துவிட்டு மெதுவாகப் படியேறி, அவனுடைய மேலாடை நுனியையும் வாயில் வாங்கிக்கொண்டது. சபையில் சிரிப்பு நின்றது. தன் முழங்காலுக்குப் பக்கத்தில் அது நறநறவென்று மெல்லும் சத்தம் ராஜாவுக்கு நன்றாகக் கேட்டது. பத்து வருஷமாக அவன் ஆசைப்பட்டுக் கேட்ட சத்தமும் ஏறக்குறைய இதுதான். துணியை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

"உனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கட்டோடு நின்ற சடைச்சியைக் கேட்டான்.

"ரெண்டு, சாமி" என்றாள். "போன அமாவாசை வரைக்கும் மூணு. அதுவரைக்கும் நான் கஞ்சியைத் துணிக்குத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். அன்னைக்குச் சாமியோட துணி ரொம்ப நல்லா மொடமொடன்னு வந்திருந்துச்சு."

ராஜா அவள் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னான்.

அன்றிலிருந்து கஞ்சி முழுவதும் கோட்டை வாசலில் ஜனங்களுக்கு ஊற்றப்பட்டது. அகப்பை பிடிக்கும் வேலை செண்பகராயருக்கு. சிற்றம்பலருக்கு ஒரு கிராமம் கொடுக்க ராஜா முன்வந்தான். "அதில் விளைய என்ன இருக்கிறது, மகாராஜா? அந்த மாட்டுக்கு வைக்கோல் கொடுங்கள்" என்றார் அவர்.

நம் ஜனங்களைத்தான் தெரியுமே. ஒரே மாதத்தில் துவண்ட துணி நாகரிகமாகிவிட்டது. பெரிய மனிதர்கள் புதுத் துணியை வேலைக்காரர்களைக் கொண்டு கசக்கி உடுத்திக்கொண்டு, "எங்கள் வீட்டில் பரம்பரையாகவே சிக்கனம்" என்றார்கள். மந்திரியைக் கருமி என்ற வாய்களே அவரிடம் பழைய துண்டு இரவல் கேட்டன.

அடுத்த வருஷம் மழை பெய்தது. கப்பல்கள் திரும்பின. ஊரில் பழையபடி துணிக்குக் கஞ்சி போட ஆரம்பித்தார்கள். சடைச்சி இன்னும் நாற்பது வருஷம் அரண்மனைத் துணியை வெளுத்தாள், பாலாக வெளுத்தாள். கஞ்சி மட்டும் போடவே இல்லை. ராஜாவும் கேட்கவில்லை.