பெனடிக்ட் செய்த இரண்டு கோல்கள்

குலசேகரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோவையில் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்துவந்தார். மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு முப்பத்து நான்கு. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். ஆனால் மேசைக்குப் பக்கத்தில் நிற்கும்போது யார் சொல்ல வேண்டும், யார் கேட்க வேண்டும் என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, குலசேகரனின் வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் பந்தை அடிக்கும் கடைசி நொடியில் மணிக்கட்டு லேசாக வெளிப்பக்கம் திரும்பியது. பந்து குழிக்கு ஒரு விரல் தள்ளிப் போய் இடித்துத் திரும்பியது.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. கிளப்பில் இருக்கும் கோல்கள் வளைந்துவிட்டன என்றார். பிறகு மேசையின் துணி தேய்ந்துவிட்டது என்றார். முன்பு மூன்று முறை மாவட்ட அணியில் ஆடியவர். அடுத்த அணித் தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. இந்தத் தடவை விட்டால் இனி தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு மாலை பாடம் முடிந்ததும் கேட்டார்.

"மேடம், எனக்குன்னே அளவெடுத்து ஒரு ஸ்டிக் செஞ்சா என் ஆட்டம் திரும்பி வருமா?"

மெஹருன்னிசா ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தார்.

"போத்தனூர்ல பெனடிக்ட்னு ஒருத்தர் செய்யறாரு. போங்க. அவர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

பெனடிக்ட் அதிகம் பேசாத மனிதர். பட்டறையின் பின்னறையில் ஒரு மேசை போட்டிருந்தார். குலசேகரனின் உயரம், கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதினார். பிறகு ஒரு மணி நேரம் ஆடிக் காட்டச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒருவர் கண் எடுக்காமல் பார்க்கும்போது குலசேகரனால் வழக்கம்போல ஆட முடியவில்லை. பக்கத்தில் இருந்த பந்துகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். மெதுவாக அடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டை நேராகவே பிடித்தார். ஒரு மணி நேரம் முடிந்தபோது முழங்கை வரை வலித்தது.

கையில் ஏதாவது அடி பட்டிருக்கிறதா என்று பெனடிக்ட் கேட்டார். குலசேகரன் இல்லை என்றார். தப்பும் பந்து எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். அப்படிக் குறிப்பாக எந்தப் பக்கமும் இல்லை என்றார். பெனடிக்ட் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதத்தில் கோல் வந்தது. கைப்பிடி கருங்காலி, முன்பாதி மேப்பிள் மரம். மெலிந்து, நீண்டு, கண்ணை எடுக்க முடியாதபடி இருந்தது. குலசேகரன் அதைக் கிளப்புக்குக் கொண்டுபோன நாளில் நாலு பேர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள்.

அதில் அவரால் ஆடவே முடியவில்லை. மெலிந்த கைப்பிடி மணிக்கட்டோடு சேர்ந்து தானும் திரும்பியது. ஒரு விரல் தள்ளிப் போன பந்து இப்போது இரண்டு விரல் தள்ளிப் போனது. பத்து நாள் விடாமல் பழகினார். பதினோராம் நாள் மெஹருன்னிசாவிடம் வந்து, பெனடிக்ட் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார், கோலைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

மெஹருன்னிசா கோலை வாங்கினார். மேசையில் பத்துப் பந்துகளை வைத்து ஒவ்வொன்றாக அடித்தார். பத்தும் குழியில் விழுந்தன. கோலைத் துடைத்து அவரிடமே கொடுத்தார்.

"போய்க் கொடுத்துட்டு வாங்க சார்."

போத்தனூரில் பெனடிக்ட் குறையை முழுக்கக் கேட்டார். நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அதில் எழுதியிருந்தது: மணிக்கட்டு நேர். அடி பட்டதில்லை. நிதானமான கை. பந்து தப்புவது எந்தப் பக்கமும் இல்லை.

குலசேகரன் அதை இரண்டு முறை படித்தார். காது சூடாவது தெரிந்தது. "இன்னொரு தடவை ஆடிக் காட்டலாங்களா?" என்று கேட்டார்.

இந்த முறை தூரத்துப் பந்துகளை அடித்தார். மணிக்கட்டை அதன் போக்கில் விட்டார். பந்து பந்தாகத் தப்பியது. சிலது குழிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பெனடிக்ட் ஸ்டூலை விட்டு எழுந்து அருகில் வந்து நின்று, இரண்டு பக்கம் நிறைய எழுதினார். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டார். குலசேகரன் காட்டினார்.

புதுக் கோல் தேர்வுக்குள் தயாராகாது என்று பெனடிக்ட் சொன்னார். பரவாயில்லை என்றார் குலசேகரன்.

அன்று மாலையே மெஹருன்னிசாவைப் போய்ப் பார்த்தார்.

"என் கை விஷயம் உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"கட்டுப் பிரிச்சுட்டு நீங்க வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப பெனடிக்ட்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவர் கேட்டது உங்களைத்தானே சார்."

தேர்வுக்குக் கிளப் கோலோடுதான் போனார். மருத்துவர் கொடுத்து, பீரோவிலேயே கிடந்த பட்டையை எல்லோரும் பார்க்க மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஆடினார். பதினொரு பேரில் ஒன்பதாவதாக வந்தார். அணியில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வெகுநாளுக்குப் பிறகு தூக்க மாத்திரை போடாமல் தூங்கினார்.

இரண்டாவது கோல் அடுத்த மாதம் வந்தது. நீளம் குறைவு. கைப்பிடி தடித்து, ரப்பர் சுற்றியிருந்தது. எடை முழுவதும் முன்பக்கம் இறங்கியிருந்தது. இது என்னங்க உலக்கையா என்று கிளப்பில் ஒருவர் கேட்டார். குலசேகரனும் சிரித்தார். பிடித்தபோது, தடித்த கைப்பிடி விரல்களை அடக்கிக்கொண்டது. மணிக்கட்டு திரும்பத் தொடங்கி அங்கேயே நின்றது. பத்துக்கு நாலு விழுந்த இடத்தில் இப்போது ஏழு விழுந்தது.

மெஹருன்னிசா பார்த்துக்கொண்டிருந்தார். காலை இன்னும் அரை அடி பின்னால் வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு விழுந்தது.

கிளம்பும்போது குலசேகரன் முதல் கோலை உறையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பெனடிக்ட் அதைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார் என்றார்.

"இதை என்ன பண்றது மேடம்?"

மெஹருன்னிசா விளக்கை அணைக்கப் போனவர் நின்றார்.

"வச்சிருங்க சார். யாருக்காகச் செஞ்சதோ, அவர் வந்தா கொடுத்துடலாம்."