ராசாவுக்குப் பதிலாக அழுதவள்

அம்மா செத்த வருஷம் சித்தி எனக்குச் சொன்ன கதை இது. இதில் ராசா அழும் இடத்தை மட்டும் நான் பல வருஷமாக நம்பவில்லை.

ஏதோ ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தாராம். அவருடைய ராணி செத்துப்போனாள். "ராசா அழுதா கோட்டை மானம் போயிடும். ஆள் வெச்சு அழுதுக்கலாம்" என்றார் மந்திரி. அப்புறம் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் வெள்ளத்தாய் என்பவளைக் கூட்டி வந்தார்கள். ராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. "உங்களுக்குப் பதிலா நான் சாப்பிடறேன்" என்றார் மந்திரி. ராசாவுக்குத் தூக்கமும் வரவில்லை. "உங்களுக்குப் பதிலா நான் தூங்கறேன்" என்று மந்திரி ராசாவின் கட்டிலிலேயே ஏறிப் படுத்துக்கொண்டார். மந்திரிக்குத் தொந்தி சரிந்தது, ராசா குச்சியாகப் போனார். சிரிக்காதே, கேளு.

வெள்ளத்தாய் ராணியைப் பார்த்ததே இல்லை. ஆனால் பாட வாயைத் திறந்தால் செத்துப்போன தன் தங்கச்சி நினைப்பு வந்துவிடும். அழுவாள், அப்புறம் முகம் கழுவுவாள், மூன்று உருண்டை பழைய சோறு தின்பாள், சமையல்காரியோடு ஊர்வம்பு பேசிச் சிரிப்பாள்.

மந்திரி பார்த்துவிட்டார். "இவ அழுகை பொய், ராசா. அழுதவ சிரிப்பாளா? தலையை எடுத்துடலாம்."

"அழுதுட்டு உனக்கு எப்படிம்மா சோறு இறங்குது?" என்றார் ராசா.

ராசாவுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்க்க வெள்ளத்தாய்க்குப் பாவமாக இருந்தது. "அழுததாலதான் இறங்குது, ராசா. மந்திரி தின்னா அவர் வயிறு நிறையுது. நான் அழுதா என் நெஞ்சு லேசாகுது. உங்களோடது அப்படியே கிடக்கே! ராணியம்மா உங்களுக்கு என்ன சமைச்சுப் போடுவாங்க?"

"கீரை. அவளுக்கு ஆயவே தெரியாது, பாதி காம்பு வாயில குத்தும்..." என்றவர் 'ஓ'வென்று அழுதார். அழுதார், அழுதார், விளக்கு வைக்கும் வரை அழுதார். அப்புறம், "பசிக்குது தாயி" என்றார். மூன்று உருண்டை தின்றார், தூங்கினார். மறுநாளும் கொஞ்சம் அழுதார்தான். ஆனால் எழுந்து போய் வழக்கும் விசாரித்தார்.

மத்தியானம் மந்திரி இலை போட்டு உட்கார்ந்தார். "உமக்குப் பதிலா நான் சாப்பிட்டாச்சு" என்றார் ராசா. ராத்திரி, "உமக்குப் பதிலா நான் தூங்கிக்கறேன்" என்றார். மந்திரி அழுதார். அதற்கு மட்டும் ராசா ஆள் வைக்கவில்லை.

"அழறதும் சிரிக்கறதும் நல்ல மனசு செய்யற வேலைடா. அதை அவங்கவங்கதான் செய்யணும். ராசா தூங்கிட்டார், நீயும் தூங்கு" என்று சித்தி முடிப்பாள்.

அப்போதெல்லாம் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தில் படுத்திருப்பார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. போன மாசம்தான் கேட்டேன்:

"சித்தி, அப்பா ஒரு நாளாவது அழுதாரா?"