கரம்தீன் பெயர் எழுதிய சுவர்

ஐந்து ஆறுகள் பாயும் பஞ்சாப் நாட்டிலே, குதிரையேறிப் போனால்தான் அடுத்த ஊர் என்றிருந்த காலத்திலே, ஆசா சிங் என்றொரு சுவரோவியன் இருந்தான். அவன் பூ வரைந்தால் தேனீ ஏமாறும், கிளி வரைந்தால் பூனை ஏமாறும், மாம்பழம் வரைந்தால் நம்மைப் போன்ற சாப்பாட்டு ராமன்கள் ஏமாறுவோம்.

அவன் ஊர்த் தலைவரான சர்தார், சீக்கியர் கோயிலான குருத்வாரா ஒன்றைப் புதிதாகக் கட்டினார். ஆசா சிங்கை அழைத்தார்.

"வாசல் சுவர்ல வரையுங்க. பைசாகி அறுவடைத் திருநாளன்னைக்கு மூணு குடம் தண்ணி ஊத்திப் பார்ப்பேன். நிறம் கரையாம நின்னா, நம்ம புனித நூல் கிரந்த சாகிப் வீற்றிருக்கிற உள்மண்டபமும் உங்களுக்குத்தான். வேலை முடிஞ்சதும் வழக்கப்படி அடியில பேரை எழுதிடுங்க."

உள்மண்டபத்தில் வரைவது ஆசா சிங்கின் வாழ்நாள் கனவு.

சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வர்ணம் ஏற வேண்டும் என்பது அந்த ஓவியத்தின் முறை. பல வருடமாக அவனுக்குச் சாந்து பூசுபவர் கரம்தீன் என்ற கொத்தனார். பூசிவிட்டுச் சுவரில் புறங்கையை வைத்து வைத்து ஈரம் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் பொறுங்க, உஸ்தாத்" என்று குருவை அழைப்பதுபோல மரியாதையாகச் சொல்வார்.

ஒருநாள் ஆசா சிங்குக்குப் பொறுமை போயிற்று.

"வரையிறவன் நான். பூசுறது என்ன பெரிய வித்தையா? நானே பூசிக்கிறேன். நீங்க போங்க, பாய்."

கரம்தீன் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் ஆசா சிங் அவசரப்பட்டான். வர்ணம் கஞ்சியாக வழிந்தது. இரண்டாம் நாள் அதிகம் காத்தான். காய்ந்த சுவரில் தீட்டியது விரலோடு வந்தது. மூன்றாம் நாள் சரியாக ஊறாத சுண்ணாம்பைப் பூசினான், சுவரெங்கும் கொப்புளம். இத்தனை வருடம் தன் ஓவியங்கள் யாரால் நின்றன என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கரம்தீன் வீட்டுக்குப் போய்க் கைகூப்பினான். "தப்பு என்னோடது, பாய். வாங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. "முதல்ல அந்தக் கொப்புளத்தையெல்லாம் சுரண்டிப் போடுங்க, வர்றேன்" என்றார். அன்றிலிருந்து அவர் பூசப் பூச, இவன் வரைந்தான். பொறுக்கச் சொன்னபோது பொறுத்தான்.

பைசாகி வந்தது. முதல் குடம் ஊற்றினார்கள், நிறம் அசையவில்லை. இரண்டாம் குடம் ஊற்றினார்கள், அசையவில்லை. மூன்றாம் குடம் ஊற்றியதும் சுவரில் வரைந்த கிளிகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

சர்தார் குனிந்து பார்த்தார். சுவரின் அடியில் 'கரம்தீன்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"உங்க பேர் எங்கே? சுவர்ல யார் பேரோ, அவருக்குத்தான் அடுத்த வேலைங்கிற வழக்கம் தெரியாதா?"

ஆசா சிங் பக்கத்தில் நின்ற கரம்தீனைக் காட்டினான். "தெரிஞ்சேதான் எழுதினேன், சர்தார்ஜி. என் கைவேலை சுவர் முழுக்கத் தெரியுது. அதைத் தாங்குற இவர் கைவேலைதான் யார் கண்ணுக்கும் தெரியலை. இவருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை."

சர்தார் யோசித்தார். வழக்கம் வழக்கம்தான். உள்மண்டபத்தைக் கரம்தீனிடம் ஒப்படைத்தார்.

கரம்தீன் ஆசா சிங் பக்கம் திரும்பினார். "எனக்குப் பூசத்தான் தெரியும். வரைய ஒரு ஆள் வேணும். வர்றீங்களா, உஸ்தாத்?"

ஆசா சிங் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிறர் உழைப்பின்மேல் நின்று நாம் பெயர் வாங்கும்போது, அந்த உழைப்பை ஊரறியச் சொல்லி நன்றி செலுத்துவதே நமக்கு அழகு.