ஒரு படி உப்பு

வீட்டில் ஒரு படி, வழியில் அரைப் படி, போய்ச் சேர்ந்தால் ஒரு கைப்பிடி. எவ்வளவு என்று கேட்டால் மறுபடியும் ஒரு படி. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியவில்லையா? செவந்திக்கும் தெரியவில்லை. கதையைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் கடலோரம் ஓர் உப்பளத்து ஊர் இருந்தது. வெயில் இருக்கும் மட்டும் அங்கே எல்லோருக்கும் உப்பு வாரும் வேலை. ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் நிரம்பிவிடும், வேலை நின்றுவிடும். அப்போதுதான் அந்த ஊரார் கொடிமலைக்கு நடப்பார்கள். எட்டு நாள் நடை. நேர்ந்துகொண்டவர் வீட்டிலிருந்து ஒரு படி உப்பைத் தலையில் சுமந்துபோய், மலையடிக் குளத்தில் கரைக்க வேண்டும். கரைக்கும்போது இன்னார் வீட்டு உப்பு, இத்தனை என்று உரக்கச் சொல்லவும் வேண்டும்.

மழைக்காலத்தில் நடந்துகொண்டே உப்புச் சுமப்பதா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

செவந்திக்குப் பத்து வயது. அவள் அப்பா சுடலைமுத்துவின் உள்ளங்காலில் உப்பு அரித்து ஒரு புண். ஆறு மாதமாக ஆறவில்லை. கால் ஆற வேண்டும் என்று நேர்ந்தாயிற்று; நடக்க வேண்டியவருக்கே நடக்க முடியவில்லை. அதனால் அந்த வருஷம் செவந்தி நடப்பதென்று முடிவாயிற்று. அவளுக்கு அதுதான் முதல் நடை.

உப்பை எதில் கொண்டுபோவது? இசக்கி அத்தையிடம் கேட்டாள். மண்கலயம்தான் சரி, வாயை மெழுகால் அடைத்துவிட்டால் மழை என்ன செய்யும் என்றாள் அத்தை. செவந்தி கலயத்தைத் தலையில் வைத்து உப்பள வரப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

வேலாண்டி மாமாவிடம் கேட்டாள். கலயமாவது, வழுக்கினால் அவ்வளவுதான், ஓலைப்பெட்டிதான் சரி என்றார் மாமா. பெட்டியோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். தூறல் விழுந்தது. பெட்டியின் மூலையிலிருந்து உப்புநீர் சொட்டிக் காதுக்குள் இறங்கியது.

நடைக்கூட்டத்தின் தலைவர் பூதலிங்கத்திடம் கேட்டாள். பெட்டி கட்டியவன் மூளைதான் நனைந்திருக்கும், துணியை ஏழு மடிப்பாக மடித்துக் கட்டு என்றார் அவர். துணியோடும் மூன்று சுற்று. ஏழு மடிப்பும் நனைந்தது.

அவள் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். மூன்று பேரும் பலமுறை மலைக்குப் போய்வந்தவர்கள். மூன்று பேருமே சரியாகத்தானே சொல்வார்கள்? அப்படியென்றால் தான் சுமப்பதுதான் தப்பா? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவிடம் போனாள். மலைப் பேச்சு எடுத்தாலே அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கால்வலி என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“அப்பா, நீங்க எதுலப்பா கொண்டுபோனீங்க?”

“கலயத்துல, பெட்டியில, துணியில. எல்லாத்துலயும் போயிருக்கேன்.”

“எதுல முழுசாப் போய்ச் சேர்ந்துச்சு?”

சுடலைமுத்து காலைத் தடவிக்கொண்டார். “எதுலயும் இல்லட்டி.”

“அப்ப குளத்துல என்ன சொன்னீங்க?”

“ஒரு படின்னுதான்.”

செவந்தி வந்த வழியே ஓடினாள். மூன்று பேரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். அத்தையின் கலயம் ஆற்றுப் படியில் உடைந்து, மலையடிச் சந்தையில் வேறு உப்பு வாங்கினாளாம். மாமாவின் பெட்டி பாதியோடு போய்ச் சேர்ந்ததாம். பூதலிங்கத்திடம் எஞ்சியது ஈரத்துணிதானாம். மூன்று பேரும் குளத்தில் சொன்னது ஒரு படி.

“நான் இருக்கிறதைச் சொன்னா என்னத்தே?” என்று கேட்டாள்.

“குறைச்சுச் சொன்னா உங்கப்பன் காலும் குறைச்சுத்தான் ஆறும். ஊர் வாயை நீ ஒருத்தி வந்து திருத்தப் போறியாக்கும்” என்றாள் அத்தை.

கூட்டிச் சொன்னால் பொய். குறைத்துச் சொன்னால் அப்பாவின் கால். அத்தை சொன்னதை அப்படியே அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

சுடலைமுத்து இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. “நான் பன்னிரண்டு வருஷம் ஒரு படின்னு சொன்னவன். அதுல எந்தப் புண் ஆறுச்சுன்னு எனக்குத் தெரியல. நீ என்ன சொல்லணும்னும் தெரியலட்டி” என்றார்.

மறுநாள் விடியும்போது கூட்டம் கிளம்பியது. எதுவும் விளங்காமலேதான் செவந்தியும் கிளம்பினாள். மூன்றில் கனம் குறைந்தது துணி என்பதால் துணியை எடுத்துக்கொண்டாள். முதல் நாளே மழை பிடித்தது. நாலாம் நாள் முகத்தில் வழிந்தது நாக்கில் கரித்தது. எட்டாம் நாள் குளத்தங்கரையில் வரிசை நின்றது. ஒரு படி, ஒரு படி, ஒரு படி என்று குரல்கள் ஒவ்வொன்றாக அவளை நெருங்கி வந்தன.

ஊரே ஒரு படி என்று சொன்னாலும், கையில் இருப்பதைத்தான் வாய் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.

செவந்தியின் முறை வந்தது. துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “சுடலைமுத்து வீட்டு உப்பு, ஒரு கைப்பிடி” என்றாள்.