காயாத பச்சை

படுத்துட்டியா குழலி? போர்வையை உதைக்காதே. பொறந்தநாளும் அதுவுமா அப்பா ரயிலு ஓடலைன்னு அழுதது போதும். பெயிண்ட் காயலையாம், நான் என்னடி பண்ண? கதை சொல்றேன், "ம்" கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு கூட்ஸ் இன்ஜின் இருந்துச்சு. அயர்லாந்துல. ஆமா, உங்கப்பா சாப்பாட்டு மேஜை பூரா பரப்பி வச்சிட்டு நம்மளைத் தரையில உக்காந்து சாப்பிட வைக்கிறாரே, அந்த பொம்மை ரயிலு இருக்கே, அதோட நிஜ இன்ஜின். சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் கிழங்கை சர்க்கரை ஆலைக்குக் கொண்டு போறதுதான் அதோட வேலை. ம் சொல்லு.

ஒரு நாள் நோரான்னு ஒரு அம்மா, வயல்ல வெளைஞ்ச கிழங்கையெல்லாம் ஏத்திட்டு, "சீக்கிரம் போயிடு கண்ணு, அழுகிட்டா இந்த வருசம் எங்களுக்குச் சோறில்ல"ன்னாங்க. அதுவும் "கூ..."ன்னு கிளம்புச்சு. அப்போ ஒரு ஆபீசர் ஓடி வந்தாரு. "நில்லு! சாம்பல் கலர் பழைய கம்பெனியோடதாச்சே. பச்சை அடி!" சளக், சளக். "காயட்டும்"னாரு.

காஞ்சுது. அப்புறம் "கூ..."ன்னா, இன்னொரு ஆபீசர். "இது பாசிப்பச்சை. நமக்கு இலைப்பச்சை!" வித்தியாசம் என்னன்னு கேக்காதே, கல்யாணமான நாளா எனக்கும் புரியலை. மறுபடி சளக், சளக். மறுபடி "காயட்டும்." நோரா, "ஐயா, கிழங்கு நாத்தம் எடுக்க ஆரம்பிச்சிடுச்சுங்க"ன்னு அழறாங்க. யார் காதுல விழுது?

அப்புறம் மூணாவது ஆள் வந்தாரு. குனிஞ்சு, நிமிந்து, கண்ணாடியைத் தொடைச்சுப் பாத்துட்டு, "மஞ்சக் கோடு ஒரு நூல் தடிமன் ஜாஸ்தி. எல்லாத்தையும் சுரண்டு!"ன்னாரு. சுரண்டி, அடிச்சு, "காயட்டும்"னதும் இன்ஜினுக்கு வந்துச்சு பாரு கோபம்! "போங்கய்யா நீங்களும் உங்க பெயிண்டும்!" புஸ்ஸ்ஸ்! தடக் தடக், தடக் தடக்!

வழியில மழை. பச்சையும் மஞ்சளும் வழிஞ்சு, சகதியில பொரண்ட எருமையாட்டம் ஆலைக்குப் போய் நின்னுச்சு. அதுக்கே வெக்கமாப் போச்சு. ஆலைக்காரர் வந்தாரு. தார்ப்பாயைத் தூக்கினாரு. கிழங்கை அமுக்கிப் பாத்தாரு. "மேலதான் கொஞ்சம் போச்சு, அடியில நல்லாருக்கு. இறக்குங்கப்பா!" கூடவே தொத்திக்கிட்டு வந்த நோரா இன்ஜினைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. கன்னமெல்லாம் பெயிண்ட்.

என்ன? கடைசியில என்ன கலர்ல இருந்துச்சா? அட கடவுளே! அப்படியே உங்கப்பா! கிழங்கு இறங்கியாச்சு, கதையும் இறங்கியாச்சு. கண்ணை மூடு.

இரு... அங்க என்ன சத்தம்? தடக் தடக்னு?

ஏங்க! இன்னும் காயலையேங்க?

"பரவால்ல"ங்கறார்டி! உங்கப்பா வாயில இருந்து "பரவால்ல"!

எந்திரி, ஓடு. தொட்டா கையெல்லாம் பச்சை ஒட்டும்... ஒட்டட்டும், போ. ஒரே ஒரு சுத்து பாத்துட்டு வந்து தூங்கணும், சொல்லிட்டேன்.