ஒரு சோழிக்கு விற்ற வேல்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார் என்று தொடங்குகிறேன். எந்த நாட்டு அரசர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குக் கதை சொன்னவர் அதைச் சொல்லவே இல்லையா, நான்தான் மறந்துவிட்டேனா, அதுவும் நிச்சயமில்லை. வேலின் விலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மற்றவற்றில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரசருக்குப் போர் பிடிக்காது; போர்க்கதை பிடிக்கும். ஒரு மழைக்காலத்தில் அரண்மனைக்குள் அடைந்து கிடந்து சலித்துப்போய், ஒரு விளையாட்டை ஏற்படுத்தினார். காடு, மலை, குகை, ஆறு எல்லாம் எழுதிய பெரிய துணியை மண்டபத்தில் விரிப்பார்கள். அரசரும் அவையினரும் ஆளுக்கொரு களிமண் வீரனை அதில் நிறுத்துவார்கள். அவை விகடகவியான சேந்தன் நடுவில் உட்கார்ந்து, "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே எதுவோ மூச்சு விடுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பான். அவரவர் தம் வீரன் செய்வதைச் சொல்ல வேண்டும். வெற்றி தோல்வியைப் புளியங்கொட்டைகள் முடிவு செய்யும். துணியின் மேல் சொன்ன சொல் சொன்னதுதான். திரும்பப் பெற முடியாது. அங்கே அரசரும் ஒரு நாடோடி வீரனே. பொருள் வாங்கப் பையில் சோழிகள் உண்டு. எல்லாருக்கும் ஒரே விலை. அரசர் தாமே வகுத்த விதி அது.

ஒரு நாள் அவருக்குப் புது ஆசை வந்தது. "சேந்தா, ஆற்றின் நடுத்திட்டில் ஓர் ஆயுதக் கடை வை. மந்திர ஆயுதங்களாக இருக்க வேண்டும். முதலில், தீப்பற்றி எரியும் வாள். என்ன விலை?"

கருவூல அதிகாரி விழுப்பரையர் தொண்டையைச் செருமினார். அரசர் சேந்தனோடு சிரித்துப் பேசுவது அவருக்கு ஆகாது. "குறைத்துச் சொன்னால் எல்லாரும் வாங்குவார்கள், காடே மிஞ்சாது. கூட்டிச் சொன்னால் கடையில் ஈதான் மொய்க்கும். பார்த்துச் சொல்லும், விகடரே."

"வாள் பத்துச் சோழி," என்றான் சேந்தன்.

எல்லாரும் பையைத் தொட்டார்கள்.

"உறை தொண்ணூறு."

"உறை எதற்கு?" என்றார் தளபதி.

"வேண்டாமென்றால் விடுங்கள். எரிகிற வாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவரைப் பார்க்க எனக்கும் ஆசைதான்."

அரசர் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கி, தம் வீரனைக் கடைக்கு வெளியே மரப்பாலத்தின் நடுவில் நிறுத்தினார். அவர் பையில் ஒரே ஒரு சோழி மிஞ்சியது. தளபதி வாளை மட்டும் வாங்கி, அடுத்த ஆட்டத்திலேயே தம் வீரனின் வேட்டியைக் கொளுத்திக்கொண்டார்.

விழுப்பரையர் மட்டும் சிரிக்கவில்லை. "அரசே, நான் ஓர் ஆயுதம் சொல்கிறேன். ஒரு வேல். எறிந்தால் தப்பாது. அதை ஏந்தியவன் எவருக்கும் வழிவிட மாட்டான். எதிரில் நிற்பவர் யாரானாலும் வீழ்த்திவிட்டுத்தான் போவான். தங்களுக்கே தகுந்த வேல். விதிப்படி எல்லாருக்கும் ஒரே விலை வேண்டும். அந்த விலை ஒரு சோழி வைத்திருக்கும் தங்களுக்கு எட்ட வேண்டும். பை நிறைய வைத்திருக்கும் எங்களுக்கு எட்டக் கூடாது. சேந்தன் நாளைக்குள் சொல்லட்டும். முடியாவிட்டால் ஆற்றைத் தாண்டி வேறு நாடு போகட்டும்."

நடக்காத காரியம் என்றால் அரசருக்கு நாக்கில் நீர் ஊறும். "ஆகட்டும்," என்றார். துணியின் மேல் உட்கார்ந்து சொன்ன சொல் அது.

சேந்தனின் மனைவி நங்கை நிறைமாதக் கர்ப்பிணி. செய்தி அவனுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது.

"ஆத்துல வெள்ளம் போவுது. இந்த வயித்தோட நான் பரிசல் ஏற மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

அவன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான்.

"அந்த மனுசனை அப்படி என்னய்யா செஞ்ச?"

"உறைக்கு விலை சொன்னேன்."

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"இப்ப மூடிக்கிட்டுதானே இருக்கேன்."

அவள் சோற்றைப் போட்டாள். அவன் சாப்பிட்டுக் கைகழுவிச் சுவரில் சாய்ந்தான். பிறகு விளக்கில் எண்ணெய் தீரும்வரை ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சேந்தன் துணியில் ஒரு மூங்கில் குச்சியை வைத்தான். "வேல் இதுதான். விலை ஒரு சோழி."

அரசரின் முகம் சுருங்கியது. விழுப்பரையர் அவரை முந்திக்கொண்டு ஒரு சோழியை வீசினார். "எனக்குக் கொடும். ஒரு சோழி எங்களிடம் இல்லையா? தோற்றீர். போய் மூட்டையைக் கட்டும்."

"கட்டுகிறேன், ஐயா. வாங்கியவர் முதலில் கடையை விட்டு வெளியேறட்டும். வெளியே போக ஒரு மரப்பாலம்தான் வழி. அதன் நடுவில் நிற்பது யார்?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நேற்றிலிருந்தே அங்கே நின்றுகொண்டிருந்தது அரசரின் வீரன்.

"என் வீரன் ஒதுங்கிக்கொள்வான்," என்றார் விழுப்பரையர்.

"வேலை ஏந்தியவன் எவருக்கும் வழிவிட மாட்டான். தாங்கள் சொன்ன சொல்."

"அப்படியானால் கடையிலேயே இருப்பான்."

"கடைக்காரன் கடையை அடைத்துவிட்டான்."

விழுப்பரையர் அரசரைப் பார்த்தார். "நான் ஏன் நகர வேண்டும்?" என்றார் அரசர், மெதுவாக.

கூரையில் மழை விழுவது கேட்டது. 'அரசரைக் குத்துகிறேன்' என்று துணியின் மேல் சொல்ல விழுப்பரையருக்கு நா எழவில்லை.

"வேலைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்."

"விற்ற பொருளை வாங்குவதில்லை, ஐயா. வேறு யாருக்காவது கொடுங்கள்."

அவர் தளபதி பக்கம் திரும்பினார். "நீர் வைத்துக்கொள்ளும். சும்மா தருகிறேன்."

"பாலத்தில் அவர் நிற்கிறாரே, தெரியவில்லையா?"

"என் பையையும் சேர்த்துத் தருகிறேன்."

"என் வீரனுக்கு வேட்டிதான் போயிற்று, ஐயா. தலை இன்னும் இருக்கிறது."

மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் அரசரே கை நீட்டினார். "என் எதிரில் நான் நிற்க முடியாது. எனக்குப் பயமில்லை. என்ன விலை, சேந்தா?"

"ஒரு சோழி, அரசே. எல்லாருக்கும் அதே விலை. வாங்கிய பொருளைக் கையில் வைத்திருக்க முடிந்தால்தானே விலை எட்டியது என்று பொருள்? பை நிறையச் சோழி சேர்த்துக் கொடுத்தும் இவர்களில் ஒருவரால் வைத்திருக்க முடியவில்லை. தங்களால் முடிகிறது."

அரசர் தம்மிடமிருந்த ஒரே சோழியை எடுத்து விழுப்பரையரின் கையில் வைத்தார். குச்சியை வாங்கிக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் மூச்சு வாங்கும்வரை சிரித்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலேயே சேந்தனுக்கு ஒரு வீடும், வரியில்லாத நன்செய் நிலமும் எழுதிக்கொடுக்கச் சொன்னார். எழுதிக்கொடுக்க வேண்டியவர் விழுப்பரையர், எழுதிக்கொடுத்தார்.

நங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. விழுப்பரையர் கருவூலத்தை ஒழுங்காகவே நடத்தி முதுமையில் இறந்தார். விளையாட மட்டும் அதன்பின் வரவில்லை. தளபதி பருத்துப்போய்ப் பதவியை மகனுக்கு விட்டார். அரசர் ஒரு போரும் செய்யாமல் படுக்கையில் காலமானார். சேந்தன் தன் நிலத்தில் நெல் விளைத்தான்.