ஆறாம் மாடிக்கு முதல் குடித்தனம்

மேழிநகர் மன்னருக்கு ஒரு வியாதி. யார் எதைப் புகழ்ந்தாலும், பக்கத்தில் இருப்பவனை அதை வாங்கச் சொல்லிவிடுவார். அன்று புகழ்ந்தவர் மந்திரி பூதலிங்கர். பக்கத்தில் அகப்பட்டவன் அரசவைப் புலவன் அம்பலவாணன், பாவம்!

பூதலிங்கர் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று எழுப்பி, வீடு வீடாகப் பிரித்து விற்றிருந்தார். உச்சி மாடி வீடு மட்டும் விலை போகாமல் கிடந்தது.

"மன்னா, காற்று பிய்த்துக்கொண்டு போகும்! மேகம் கைக்கு எட்டும்! கீழே வாசலிலேயே கிணறு. வாங்கி வாடகைக்கு விட்டால் உட்கார்ந்தே சாப்பிடலாம். குடிவர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்!"

"அம்பலவாணா, நீ வாங்கிப் போடு!" என்றார் மன்னர்.

அம்பலவாணன் மனக்கணக்குப் போட்டான். பன்னிரண்டு வருஷம் கவி பாடிச் சேர்த்த பொற்கிழிகள் அத்தனையும் போய்விடும். வயதான காலத்துக்கென்று மனைவி உலகம்மை அவற்றை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மன்னர் சொல்லைத் தட்டவும் முடியாது.

"உத்தரவு, மன்னா! ஆனால் எனக்கு இதுதான் முதல் வாடகை வீடு. முதல் போணி கைராசிக்காரர் கையால் ஆக வேண்டாமா? நம் மந்திரியாரைவிடக் கைராசிக்காரர் யார்? அவரே பால் காய்ச்சி ஒரு மாதம் குடியிருக்கட்டும். மாதம் முடிந்ததும் விலையைக் கொட்டிவிடுகிறேன்."

"பேஷ், அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர்.

மந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. மாட்டேன் என்றால் வீட்டில் ஏதோ குறை என்று ஆகிவிடுமே! மூட்டை முடிச்சோடு மாடி ஏறினார்.

ஐந்தாம் நாள் காலை, சபைக்கு நொண்டிக்கொண்டே வந்தார். தலையில் தலைப்பாகை இல்லை.

"மன்னா, நியாயம் வேண்டும்! தலைப்பாகையைக் காற்று பறித்துக்கொண்டு போய்விட்டது. கூரை ஒழுகிப் படுக்கையெல்லாம் ஈரம். ஒரு குடம் தண்ணீருக்கு ஆறு மாடி இறங்கி ஏற வேண்டும். என் மனைவி நேற்றே பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மனுஷன் குடியிருப்பானா அதில்?"

மன்னர் புலவனைப் பார்த்தார். "என்ன சொல்கிறாய், வீட்டுக்காரா?"

அம்பலவாணன் பணிவாகக் கைகூப்பினான்.

"குடித்தனக்காரர் சொல்வது அத்தனையும் நியாயம், மன்னா. இப்படி ஒரு வீட்டைக் கட்டி, வாயாரப் புகழ்ந்து என் தலையில் கட்டப் பார்த்தானே ஒருவன், அவனைப் பிடித்து விசாரியுங்கள். மந்திரியாரே சாட்சி சொல்வார்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் சபையே சேர்ந்துகொண்டது. விற்பனை அப்போதே ரத்தாயிற்று. புதிதாக ஒரு பொற்கிழியும் அரிசிப் பானைக்குப் போய்ச் சேர்ந்தது.

மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. விற்பனைதான் ரத்து; மன்னர் உத்தரவுப்படி அவருக்கு அந்த வீட்டில் இன்னும் இருபத்தைந்து நாள் பாக்கி இருந்தது.